கீரியின் கழுத்து மணி

திரும்பிப் பாருடா தடிமாடு, திரும்பிப் பார் என்று இந்திராணி வாய்க்குள்ளேயே வைதாள். திரையில் இருந்த காவல்காரன் திரும்பவில்லை. கையில் விளக்கும் முன்னால் ஒரு தொப்பையுமாகச் சுவர் முடியும்வரை போனான், அங்கே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான், சாவகாசமாக மூக்கைச் சொறிந்தான். அத்தனை நேரமும் அவன் முதுகுக்குப் பின்னால் கீரி ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கீரியை நடத்துகிறவள் அவள்தான். அவன் திரும்பினால் மாட்டிக்கொள்வதும் அவள்தான். இருந்தும் ஆத்திரமெல்லாம் அவன் மேலேயே வந்தது. சம்பளம் வாங்குகிறாய், மூன்று வேளையும் கொட்டிக்கொள்கிறாய், ஒரு உயிர் உன் காலடியிலேயே நடந்து வெளியே போகிறது, உனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை, நீயெல்லாம் எதற்குக் காவல். அது கீரிகூட இல்லையாம். ரோஷிணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், பனி பெய்கிற தேசத்துப் பிராணிம்மா, அதுக்கு வேற பேரு என்று. இந்திராணி அந்தப் பேரை வாயில் வைத்துக்கொண்டதே இல்லை. கீரி மாதிரி இருக்கிறது, கீரிதான். ஒரு ஜமீன்தார் அரண்மனையில் கூண்டில் பிறந்து வளர்ந்த கீரி, காவலுக்கெல்லாம் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மதிலுக்கு வெளியே காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மகள் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கி டிவியில் மாட்டிய வீடியோ கேம் பெட்டி. சென்னை ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க ஆரம்பித்ததிலிருந்து, இதே அறையில் உட்கார்ந்து அதை முடித்துவிட்டு, இதே கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு, இதே கைப்பிடியை வைத்துக்கொண்டு ஆடுவாள். காவல்காரர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். அறை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற அம்மாவுக்குப் புரியட்டுமென்று அவளே கட்டைக் குரலில் தமிழில் சொல்லிக் காட்டுவாள். ஏதோ சத்தம் கேட்டுச்சே. யாரது. ம், ஒண்ணுமில்ல, காத்துதான். ஒவ்வொரு காவல்காரனும் கடைசியில் அதையேதான் சொன்னான். சட்டி உருண்டாலும் காற்று, கதவு திறந்தாலும் காற்று, கண்ணுக்கு முன்னால் வாலைப் பார்த்தாலும் காற்று. அதைக் கேட்டுக் கேட்டு அம்மாவும் மகளும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தேனே, நானும் சேர்ந்து சிரித்தேனே என்று நினைத்தபோது இந்திராணிக்குக் கன்னத்தில் யாரோ அறைந்த இடம்போல எரிந்தது.

ஹாலில் கணவர் கனகவேலின் குறட்டை கேட்டது. பருப்பு மண்டியிலிருந்து மதியம் வந்து சாப்பிட்டால் ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டு ஒரு தூக்கம் போட்டாக வேண்டும் அவருக்கு. மகள் வீட்டை விட்டுப் போனதற்கு மறுநாளும் தூங்கினார். குறட்டை நின்றால் கைப்பிடியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு மடித்த துணியை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்திராணியின் காது அந்தப் பக்கமே இருந்தது. டிவி சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடவும் முடியாது, காவல்காரன் காலடி கேட்டால்தான் ஆட முடியும். கீரியின் கழுத்தில் ஒரு மணி கட்டியிருந்தார்கள். மெதுவாக ஊர்ந்தால் மணி பேசாது, ஓடினால் காட்டிக்கொடுத்துவிடும். மணி. இங்கே வந்துதான் அவளுக்கு ஒவ்வொரு நாளும் முள் மாட்டியது. ரோஷிணி வயதுக்கு வந்தபோது கனகவேல் மதுரையிலிருந்து கொலுசு வாங்கி வந்தார், முத்துக்கு முத்து சலங்கை வைத்த கொலுசு. பொம்பளப்பிள்ள வீட்ல எங்கன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும் என்று தங்கை வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மாடிக்குப் போனால் மாடியில், குளியலறைக்குப் போனால் குளியலறையில். சித்திரையில் ஒருநாள் அது கேட்கவில்லை. ஏண்டி காலு மொட்டையா கெடக்கு என்று கேட்டதற்கு, குத்துதும்மா, இப்போ யாரு கொலுசு போடுறா என்றாள். சரிதான், பிள்ளைகள் இந்தக் காலத்தில் போடுவதில்லைதான் என்று இந்திராணி அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தன் கையாலேயே மணியைக் கழற்றி எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் எத்தனை நாள் அந்தப் பெண் சத்தமில்லாமல் வீட்டுக்குள் நடந்து பழகியிருப்பாள், இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. அவள் போன நாளும் பட்டப்பகல்தான். அம்மா, தோசைக்குத் தேங்காய்ச் சட்னி வேணும் என்றாள். வாய் திறந்து கேட்டாள். இந்திராணி தேங்காயைத் துருவி, பொரிகடலை போட்டு, மிளகாய் கிள்ளிப் போட்டு மிக்சியை ஓட்டினாள். பழைய மிக்சி, ஓடினால் தெருமுனைக்குக் கேட்கும். மூடியை அழுத்திக்கொண்டு, சரியாக அரைபடவில்லையே என்று இன்னொரு சுற்று ஓட்டினாள். அந்தச் சத்தத்திலேயே நடந்து போய்விட்டாள் கிராதகி. நான் போட்ட சத்தத்திலேயே. சட்னியைத் தாளித்து, தோசையும் வார்த்து, தட்டில் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தால் அறை திறந்து கிடக்கிறது, வாசல் கதவு சும்மா சாத்தியிருக்கிறது. 

நீ வீட்லதான இருந்த. அன்றிலிருந்து எல்லார் வாயிலும் இதுதான். கனகவேல் கேட்டார், அவருடைய தம்பி பொன்ராஜ் கேட்டார், நாத்தனார் போனில் கேட்டாள், எதிர்வீட்டுக்காரி கேட்கவில்லை, கேட்காமலே பார்த்தாள். வீட்டில்தான் இருந்தேன். இருபத்திநாலு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன், வேறு எங்கே இருக்க விட்டீர்கள். அவளைப் படிக்க அனுப்பியது நீங்கள், சென்னைக்கு வேலைக்கு அனுப்பியது நீங்கள், அங்கேதான் அந்தப் பையன். அவன் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, அவன் சாதியைத்தான் சொன்னார்கள். கடைசியில் கணக்குக் கேட்பது மட்டும் என்னிடம். இந்த எரிச்சலில்தான் முதல்முறை இந்திராணி பெட்டியைப் போட்டது. ஆடுவதற்கு இல்லை. பார்த்துப் பார்த்து மகள் சேர்த்து வைத்த விளையாட்டைக் கெடுத்துவிட வேண்டும், அவளுக்குப் பிடித்தது ஒன்றாவது இந்த வீட்டில் என் கையால் நாசமாகட்டும் என்றுதான் போட்டாள். எதை அமுக்கினால் அழியும் என்று தெரியவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கியதும் கீரி வந்து நின்றது. சரி, நீதானா, வா என்று அதை நேராகக் காவல்காரன் காலில் கொண்டுபோய் முட்டினாள். மணி கணகணவென்று அடிக்க அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கோணிக்குள் போட்டான். அவளுக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது. மறுபடியும் முட்டினாள், மறுபடியும் கோணி. ஓடு, இன்னும் வேகமாக ஓடு, மாட்டு, நன்றாக மாட்டு. இரண்டு மூன்று மதியம் அப்படியே போனது. எந்த நாளில் அது மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் ஏதோ ஒரு மூட்டைக்குப் பின்னால் கீரி தானாக ஒதுங்க, அந்தத் தடியன் தாண்டிப் போய், ஒண்ணுமில்ல, காத்துதான் என்கிற அதே ராகத்தில் இங்கிலீஷில் முனகினான். மூட்டைக்குப் பின்னால்தானடா இருக்கிறது, குனிந்து பார்த்தால் என்ன என்று அவளுக்குச் சுறுக்கென்று வந்தது. அன்றிலிருந்து கீரியை அவள் மாட்டவிடுவதில்லை. பாசத்தால் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த முட்டாள்களிடமா மாட்ட வேண்டும் என்கிற வீம்புதான்.

ஆனால் கீரி இருந்த இடத்தில் இருப்பதில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. ஒருநாள் மாவுப்பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு அணைத்தாள், மறுநாள் போட்டால் குதிரைலாயத்தில் நிற்கிறது. தன் ஞாபகம்தான் பிசகு என்று நினைத்தாள். அடுத்த நாள் லாயத்திலிருந்து கிணற்றடிக்குக் கொண்டுபோனாள், விடிந்தால் கீரி கிணற்றைத் தாண்டித் தோட்டத்தில். பேய்பிடித்த பெட்டியோ என்று பயந்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு மதியம் அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே டிங் என்று ஒரு சத்தம் வந்தது, திரையில் ஒரு கட்டம் வந்தது, எழுத்துக்கூட்டி வாசித்தாள். இதே பேரில் வேறு இடத்தில் யாரோ ஆட வந்திருக்கிறார்கள், நீ ஆடப்போகிறாயா, நீ நிறுத்திய இடத்திலிருந்து ஆட அவருக்கு விட்டுக்கொடுக்கிறாயா. இதே பேர். பெட்டிக்குள் நெட்டுக்காகப் போட்டு வைத்த ரோஷிணியின் பேர். எங்கேயோ, ஏதோ ஊரில், ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து அந்தப் பெண் இதே கீரியை நடத்திக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு இந்திராணிக்கு வந்த கோபம் அவள் ஓடிப்போன நாளில்கூட வரவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு விரல் வரவில்லை. பெற்றவள் சாப்பிட்டாளா, செத்தாளா என்று கேட்க நாதியில்லை. கீரிக்கு மட்டும் வழி தேடுகிறாய். அத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு நேற்று ஒரு காரியம் செய்தாள். விளையாட்டில் கீரிக்குப் பசி உண்டு, ரொட்டி தின்றால் மேலே இருக்கிற சிவப்புக்கோடு நிறையும். இந்திராணி ரொட்டி கொடுக்காமல், இரண்டு தடவை அடிபட வைத்து, கோடு குச்சியாய் மெலிந்த பிறகு அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பார்க்கட்டும், வந்து பார்க்கட்டும் என்று. இன்றைக்குப் போட்டால் கோடு நிறைந்திருக்கிறது. கீரி கொழுகொழுவென்று, வயிறு நிறைந்து, கடைசி வாசலுக்கு முந்திய நடையில் நிற்கிறது. வாசலை மட்டும் மகள் தாண்டவில்லை. அவளால் தாண்ட முடிந்ததே இல்லை.

அந்த வாசல் இந்திராணிக்குத் தெரியும். நடையில் திரிகிற இந்தத் தொப்பைக்காரனோடு ஆம்பிளைக் காவல் எல்லாம் முடிந்து, கடைசி வாசலில் மட்டும் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள். மற்றவன்களைப் போல அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பதில்லை, கொட்டாவி விடுவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, மடியில் எதையோ நறுக்கிக்கொண்டு, நடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றவன்களைத் திசைதிருப்புகிற மாதிரி ஆப்பிளை எறிந்தால்கூடத் திரும்பாதவள். இவளுக்குத் தூக்கமே வராதாம்மா, இவளத் தாண்டவே முடியல என்று ரோஷிணி கைப்பிடியைக் கட்டிலில் வீசியது ஞாபகம் வந்தது. அந்தப் பொம்பளையின் மூஞ்சியைக்கூட ஒழுங்காக வரையவில்லை படுபாவிகள். முக்காடும் இரண்டு கண்ணும்தான். அவளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறான், அவள் எதற்கு அந்த வாசலைக் காக்கிறாள், அவளுக்கு அந்தப் பக்கம் காடு இருப்பது தெரியுமா, ஒருநாளாவது போயிருக்கிறாளா. கீரி தப்பிவிட்டால் ஜமீன்தார் யாரைக் கேட்பான். நீ வாசலில்தானே இருந்தாய் என்று அவளைத்தானே கேட்பான்.  போன வாரம் பொன்ராஜ் சாப்பிட வந்திருந்தார். பரிமாறிக்கொண்டிருக்கும்போதுதான் பேச்சு. அவளோடது ஒண்ணும் ஓடலண்ணே, போன் நம்பர் இல்ல, பேங்க்ல எடுக்கல, ஏதாவது ஒண்ணு ஓடுச்சுன்னா போதும், நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், ஊரு பேரு தெருவோட எடுத்துக் கொடுத்துருவான் என்றார். எடுத்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார். ரெண்டையும் சேத்து முடிச்சுட்டு ஜெயிலுக்குப் போயிருதேன், குடும்ப மானமாவது மிஞ்சும். கனகவேல் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தார், பிறகு மோர் கேட்டார். அவள் ஊற்றினாள். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தோன்றுகிறது, அந்த மனிதர் கையையா, தன் கையையா என்றுதான் தெரியவில்லை.

இந்த வீட்டில் அவளுடையது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது என் மடியில் இருக்கிறது. அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிப் பரணில் போட்டால் முடிந்தது, அதுதான் புத்திசாலித்தனம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினாள். இன்றைக்கும் அணைக்காமல் கீரியை நடை ஓரமாக ஊர விட்டாள். மணி பேசவில்லை. முக்காட்டுக்காரி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆப்பிள் வேண்டாம், கல் வேண்டாம், இதெல்லாம் ஆம்பிளைகளுக்கு. நீ எதற்குத் திரும்புவாய், சொல்லு. சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் ஒரு அடுப்பு, அதன்மேல் ஒரு சட்டி, அடியில் கங்கு மட்டும் லேசாகக் கிடந்தது. ரோஷிணி அதைப் பார்த்திருக்கவே மாட்டாள், அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால்தானே. இந்திராணி கீரியை அடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே கிடந்த விறகை வாயால் கவ்வ வைத்து உள்ளே தள்ளினாள். ஒன்று. இன்னொன்று. தீ பிடித்தது. சட்டிக்குள் வெள்ளையாக ஏதோ ஏறத் தொடங்கியது. பால்தான். பொங்கட்டும், பொங்கினால் நீ எழுந்திருக்காமல் இருப்பாயா, எந்தச் சிறுக்கி இருப்பாள், எத்தனை வருஷம் பழகிய உடம்பு அது. முக்காட்டுக்காரியின் கத்தி நின்றது. தலை அடுப்புப் பக்கம் அசைந்தது. இந்திராணி கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஹாலில் குறட்டை கேட்கவில்லை. பைக் வந்து நின்றதும் கேட்டிருக்கவில்லை. பொன்ராஜின் குரல் உள்ளே வந்திருந்தது, தண்ணீர் கேட்டது, ஊரு பேரு தெரு எடுத்துக் கொடுக்கிற அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வருவதாகச் சொன்னது.

டிங்.

கட்டம் வந்து நின்றது. வந்துவிட்டாள். இந்த நேரத்திலா வருவாய், பொறுக்கமாட்டாயா, எப்போதும் இப்படித்தான், சட்டியை இறக்குவதற்குள் தட்டோடு வந்து நிற்பாய். கட்டத்துக்குப் பின்னால் பால் விளிம்புக்கு வந்து நின்றிருந்தது, முக்காட்டுக்காரி பாதி எழுந்திருந்தாள், வாசல் திறந்து கிடந்தது. ஆடப்போகிறாயா, விட்டுக்கொடுக்கிறாயா.

"மதினி, ரோஷிணி ரூம்ல என்ன சத்தம்?"

பொன்ராஜின் செருப்பில்லாத காலடி ஹாலைத் தாண்டி வந்தது. அதை அவள் அளந்தாள், தூண் தூணாக. எத்தனை மதியம் பழகியது. விட்டுக்கொடுக்கிற பக்கத்துக்குக் கட்டைவிரலை நகர்த்தி அமுக்கினாள். திரை கறுத்தது. கைப்பிடியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து வெளியே வந்து, அறைக்கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகை வைத்து நின்றாள். பொன்ராஜ் ஒரு கை தூரத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் கனகவேல் பாயில் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவளையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. கேட்டால் இன்றைக்கு நான் சும்மா இருக்கப்போவதில்லை என்று அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் இந்திராணி. "காத்துதான்."

விருதுநகர் வெயிலில் ஒரு இலை அசையவில்லை. பேச்சுக் கேட்கட்டுமென்று ஹாலில் ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், சுவரில் காலண்டர்த் தாள்கூட ஆடவில்லை. பொன்ராஜ் காலண்டரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கதவுக்கு உள்ளே மறுபடியும் ஒரு டிங் தொடங்கப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. பெட்டியை அவள் அணைக்கவில்லை. இருங்க, காப்பிக்கு முன்னால ஒரு சட்னி அரைச்சுட்டு வந்துருதேன், தோசை சாப்பிட்டுப் போங்க என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த ஜாரை எடுத்து மிக்சியில் மாட்டினாள், மூடியைப் போட்டாள், குமிழைக் கடைசிவரை திருப்பினாள். வீடு முழுக்க அந்தப் பழைய இரைச்சல் நிறைந்தது, ஹாலில் பொன்ராஜ் ஏதோ சொல்ல, கனகவேல் காதில் விழவில்லை என்று கையை ஆட்டினார். ஜாருக்குள் தேங்காயும் இல்லை, ஒன்றும் இல்லை. போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை அழுத்தினாள், போய்த்தொலை, திரும்பிப் பார்க்காதே. கை மரத்துப்போகும்வரை அவள் அதை நிறுத்தவில்லை.